பெடலை மிதிச்சா வண்டி ஏன் நகருது? வில்ஹெல்ம் மைபாக்கின் கதை

போன செமஸ்டர் லீவுல நான் இன்-பிளான்ட் டிரெயினிங் போன ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு எஸ்யூவி வந்தது. விலை ஒரு கோடிக்கு மேல. டர்போ வச்ச ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். எந்த கம்பெனின்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கம்ப்ளெயின்ட் ரொம்ப சிம்பிள். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா வண்டி உடனே போகல. ஒரு நொடி, ரெண்டு நொடி யோசிக்குது, அப்புறம்தான் கிளம்புது. லாரியை ஓவர்டேக் பண்ணும்போது அந்த ரெண்டு நொடி எவ்வளவு பெரிசுன்னு, எதிர்ல பஸ் வரும்போது வலது பக்கம் ஏறினவங்களுக்குத் தெரியும்.

வண்டிக்காரர் ஏற்கெனவே வேற இடத்துல த்ராட்டில் பாடியை கிளீன் பண்ணியிருந்தார். ஸ்பார்க் பிளக் ஆறும் புதுசு. ஏர் ஃபில்டரும் புதுசு. எதுவும் பலிக்கல. ஸ்கேனரைப் போட்டா ஒரு எரர் கோடும் இல்ல.

எனக்கு டிரெயினிங் கொடுத்த அண்ணன் எதையும் கழட்டல. ஸ்கேனரை லைவ் டேட்டாவுல வச்சிட்டு என்னைப் பக்கத்து சீட்ல உக்கார வச்சார். பெடல் சென்சாரோட ரெண்டு சிக்னலும் சீரா ஏறுது. த்ராட்டில் கேட்ட கோணத்துக்கு உடனே திறக்குது. ஐடிலிங் அருமையா இருக்கு. ஆனா இன்ஜின் கேட்கிற பூஸ்ட் பிரஷருக்கும் கிடைக்கிற பிரஷருக்கும் நடுவுல இடைவெளி. அதோட, லோடு ஏறும்போது மட்டும் கலவை ரிச் ஆகுதுன்னு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைச்சுக்கிட்டே வருது.

நீங்க மெக் டிபார்ட்மெண்ட்டா இருந்தா இங்கேயே நிறுத்தி ஒரு நிமிஷம் யோசிங்க. ஏர் ஃப்ளோ சென்சார் டர்போவுக்கு முன்னாடி இருக்கு. அது உள்ள போன காத்தை அளந்து, அதுக்கு ஏத்த பெட்ரோலை விடச் சொல்லுது. ஆனா அளந்த காத்து முழுசா சிலிண்டருக்குப் போய்ச் சேரலைன்னா? பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. அதான் ரிச். ஐடிலிங்ல ஏன் தெரியல? அப்போ அந்தக் குழாய்ல பிரஷரே இல்ல, வெளிய தள்ள ஒண்ணும் இல்ல.

அண்ணன் ஸ்மோக் மெஷினைப் போட்டார். இன்டர்கூலர்ல இருந்து த்ராட்டிலுக்கு வர்ற ரப்பர் ஹோஸைக் கையால லேசா வளைச்சார். கிளாம்ப்புக்குப் பக்கத்துல, அடிப்பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. அதுல இருந்து புகை மெல்ல வந்துச்சு. ஹோஸை மாத்தினோம். வண்டி நம்ம காலுக்கு உடனே பதில் சொல்ல ஆரம்பிச்சது.

நான் ரிப்போர்ட் எழுதினேன். கோளாறை நான் கண்டுபிடிச்சேன்னு எழுதினேன். ஆங்கிலத்துல அதை எழுதும்போது கை கொஞ்சம்கூட நடுங்கல.

இதை இப்போ ஏன் சொல்றேன்னா, அந்த ரிப்போர்ட்டுக்காக த்ராட்டிலோட வரலாறைத் தேடப் போய்தான் வில்ஹெல்ம் மைபாக்கைப் படிச்சேன். நாம மேபாக், மேபேக்னு சொல்றோம். ஜெர்மன்காரங்க மைபாக்னுதான் சொல்வாங்க. பணக்காரங்க வண்டிப் பேராத்தான் நமக்கு அது தெரியும். அந்தப் பேருக்குச் சொந்தமான மனுஷன் பணக்காரர் இல்ல. அப்பா அம்மா இல்லாம விடுதியில வளர்ந்த பையன்.

அநாதைப் பையனும் வரைபடமும்

1846 பிப்ரவரி 9ஆம் தேதி தென்மேற்கு ஜெர்மனியில ஹைல்ப்ரான் பக்கத்துல பிறந்தார் மைபாக். அப்பா தச்சர். சின்ன வயசுலேயே அம்மாவும் போய், அப்பாவும் போய்விட்டார். ராய்ட்லிங்கன் என்ற ஊர்ல குஸ்டாவ் வெர்னர்னு ஒரு பாதிரியார் ஆதரவற்றவங்களுக்காக ஒரு இல்லம் நடத்திக்கிட்டு இருந்தார். சோறு போடறதோட நிறுத்தாம, உள்ளேயே பட்டறை வச்சுத் தொழிலும் கத்துக்கொடுத்த இடம் அது. மைபாக் அங்கே போய்ச் சேர்ந்தார்.

பையனுக்கு வரையற கை நல்லா இருக்குன்னு வெர்னர் கவனித்தார். டிராயிங் ஆபீஸுக்கு அனுப்பினார், மேல படிக்கவும் வழி செய்தார். 1860களின் நடுவுல அந்தப் பட்டறைக்கு மேலாளரா ஒருத்தர் வந்தார். மைபாக்கைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தவர். பேர் காட்லீப் டைம்லர். பத்தொன்பது வயசுப் பையன் போட்ட டிராயிங்கைப் பார்த்த டைம்லர், அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் அவரை விடவே இல்லை. டைம்லர் கார்ல்ஸ்ரூ போனா மைபாக்கும் கார்ல்ஸ்ரூ. 1872ல் கொலோன் பக்கத்துல டாய்ட்ஸ் இன்ஜின் கம்பெனிக்குப் போனா மைபாக்கும் அங்கே.

டாய்ட்ஸ்ல யார் இருந்தாங்க தெரியுமா? நிகோலஸ் ஓட்டோ. நாம தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல படிக்கிற ஓட்டோ சைக்கிளோட அதே ஓட்டோ. 1876ல் அவரோட நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் வந்தது. அதை வரிசையா தயாரிக்கக்கூடிய பொருளா மாத்தினது தலைமை வடிவமைப்பாளரா இருந்த மைபாக்.

பசுமை வீட்டுக்குள்ள ஒரு இன்ஜின்

ஓட்டோவோட இன்ஜின் ஒரு அறையை அடைச்சுக்கிட்டு நிக்கிற கனமான மெஷின். நிமிஷத்துக்கு 200 சுத்துகூட வராது. தொழிற்சாலைக்கு அது போதும். வண்டியில வைக்க ஆகாது. சின்னதா, வேகமா சுத்துற இன்ஜின் வேணும்னு டைம்லர் நினைத்தார். ஓட்டோவோட ஒத்துப்போகல. 1882ல் டைம்லர் வெளியே வந்து, ஸ்டுட்கார்ட் பக்கத்துல கான்ஸ்டாட்ல வீடு வாங்கினார். மைபாக்கும் வேலையை விட்டுட்டுப் பின்னாடியே வந்தார். அப்போ அவருக்குக் கல்யாணமாகி, கார்ல்னு ஒரு மகனும் இருந்தான். நிச்சயமான சம்பளத்தை விட்டுட்டு ஸ்டார்ட்-அப்ல சேர்ற நம்ம சீனியர்களை நினைச்சுக்கங்க. அதே துணிச்சல்தான்.

டைம்லர் வீட்டுத் தோட்டத்துல செடி வளர்க்கிற கண்ணாடி வீடு ஒண்ணு இருந்தது. அதையே பட்டறையாக்கி ரெண்டு பேரும் ராத்திரி பகலா வேலை பார்த்தாங்க. உள்ளே என்ன நடக்குதுன்னு யாருக்கும் சொல்லல. கள்ள நோட்டு அடிக்கிறாங்கன்னு தோட்டக்காரர் சந்தேகப்பட்டு போலீஸ்ல சொல்லிட்டார்னும், போலீஸ் வந்து பார்த்தப்போ வெறும் இன்ஜின் சாமான்தான் இருந்துச்சுன்னும் ஒரு கதை உண்டு.

1883ல் அவங்க இன்ஜின் ஓடியது. சிலிண்டருக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற குழாயை வெளியில தீபம் வச்சு எப்பவும் செந்தணலா வச்சிருப்பாங்க. கலவை அழுத்தப்படும்போது அதைத் தொட்டுப் பத்திக்கும். ஸ்பார்க் பிளக் கிடையாது. 600 சுத்து வரைக்கும் வந்தது. காப்புரிமை டைம்லர் பேர்ல. டிராயிங் மைபாக்கோடது. அதைப் பத்தி மைபாக் சண்டை போட்டதா நான் எங்கேயும் படிக்கல.

1885ல் தாத்தா கடிகாரம் மாதிரி நிமிர்ந்து நிக்கிற ஒரு சிலிண்டர் இன்ஜினைச் செய்தாங்க. கொள்ளளவு 264 சிசி, சக்தி அரை குதிரை. அதை மரச்சட்டம் போட்ட ரெண்டு சக்கர வண்டியில வச்சாங்க. இன்னைக்கு நீங்க ஓட்டற பைக்குக்கு எள்ளுத்தாத்தா அது. அடுத்த வருஷம் குதிரை வண்டியில இன்ஜின். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு மைபாக் வரைந்த கம்பிச் சக்கர வண்டி போனது. அது குதிரையைக் கழட்டிட்டு இன்ஜினை மாட்டின வண்டி இல்ல. முதல்லேர்ந்தே காருன்னு நினைச்சு வரைந்தது. வி வடிவ ரெண்டு சிலிண்டர் இன்ஜினும் நாலு வேக கியரும் அதுல இருந்தது.

போர்டு ரூம்ல இடமில்லை

பெரிசா தயாரிக்கப் பணம் வேணும். 1890ல் முதலீட்டாளர்களோட சேர்ந்து டைம்லர் மோட்டார் கம்பெனி தொடங்கியது. அங்கேதான் முதல் அடி. பணம் போட்டவங்களுக்கு நிலையான இன்ஜின் வித்தா போதும், கார் எதுக்குன்னு ஒரு எண்ணம். மைபாக்குக்கு அவங்க நீட்டின ஒப்பந்தமும் ஏத்துக்கிற மாதிரி இல்லை. 1891 பிப்ரவரியில அவர் வெளியே வந்தார்.

நாற்பத்தஞ்சு வயசு. வேலை இல்லை. டைம்லர் கைக்காசைக் கொடுத்தார். மைபாக் முதல்ல வீட்லயே வரைந்தார். 1892ல் கான்ஸ்டாட்ல மூடிக் கிடந்த ஹெர்மன் ஹோட்டலோட பெரிய கூடத்தை வாடகைக்கு எடுத்து அதைப் பட்டறையாக்கினார். ஒரு காலத்துல ஜனங்க நடனம் ஆடின அந்தக் கூடத்துலதான், நீங்க பெடலை மிதிச்சதும் வண்டி பதில் சொல்றதுக்கான விஷயம் பிறந்தது.

அது என்னன்னு பார்க்கறதுக்கு முன்னாடி அதுக்கு முந்தின நிலைமை தெரியணும். அதுவரைக்கும் பெட்ரோலை ஒரு தொட்டியில வச்சு, அதுக்கு மேலயோ அதுக்கு உள்ளே குமிழி விட்டோ காத்தை அனுப்புவாங்க. ஆவியான பெட்ரோல் காத்தோட போகும். சர்ஃபேஸ் கார்புரேட்டர்னு பேர். ஈரத்துணி காயற மாதிரிதான் அது வேலை செய்யும். வெயில் அடிச்சா அதிகம், குளிர்ல கம்மி. பெட்ரோல்ல சீக்கிரம் ஆவியாகிற பகுதி முதல்ல போயிடும், கனமான பகுதி அடியில தங்கிடும். அதனால தொட்டி காலியாக ஆக கலவையோட குணமே மாறும். இன்ஜின் திடீர்னு அதிகமா காத்தை இழுத்தா? ஆவியாகிற வேகம் அதுக்கு ஈடு கொடுக்காது. இப்போ என் எஸ்யூவியை நினைச்சுப் பாருங்க. கேட்டதுக்கும் கிடைத்ததுக்கும் நடுவுல இடைவெளி. நோய் அதேதான், உடம்புதான் வேற.

1893ல் மைபாக் கொடுத்த மருந்து இதுதான். பெட்ரோலை ஆவியாக விட்டுக் காத்திருக்க வேண்டாம், தெளிச்சு விடலாம். காத்து போற குழாய்க்கு நடுவுல ஊசி மாதிரி ஒரு ஜெட். பக்கத்துல ஒரு சின்னத் தொட்டி, அதுக்குள்ள ஒரு மிதவை. மிதவை எப்பவும் பெட்ரோல் மட்டத்தை ஜெட் வாய்க்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி வைக்கும். இன்ஜின் காத்தை இழுக்கும்போது ஜெட்டைச் சுத்தி பிரஷர் குறையும். பெட்ரோல் தானா மேலேறித் துளித்துளியா தெறிக்கும். அதிகமா இழுத்தா அதிகமா தெறிக்கும். கம்மியா இழுத்தா கம்மி. யாரும் எதையும் அளக்க வேண்டாம். கேட்கிற காத்தே பெட்ரோலையும் சேர்த்துக் கேட்டுக்கும்.

எவ்வளவு அழகுன்னு பாத்தீங்களா? பெர்னூலி சமன்பாட்டை ரெண்டாவது வருஷம் மனப்பாடம் பண்ணி எழுதி பத்து மார்க் வாங்கினேன். அதுக்குள்ள ஒரு கார் ஓடுதுன்னு நாலாவது வருஷம்தான் புரிஞ்சது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அதே 1893ல் ஹங்கேரியில டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கான்னு ரெண்டு பேர் இதே மாதிரி ஸ்ப்ரே கார்புரேட்டருக்குக் காப்புரிமை எடுத்தாங்க. ஒரு விஷயத்துக்கான காலம் வந்துட்டா அது ரெண்டு மூணு ஜன்னலைத் தட்டும் போல.

மைபாக்கோட ஜெட்டுக்கும் குறை இருந்தது. காத்து லேசானது, உடனே வேகம் எடுக்கும். பெட்ரோல் கனமானது, அது நகர ஒரு கணம் தாமதம். த்ராட்டிலைத் திடீர்னு திறந்தா அந்த ஒரு கணம் கலவை மெலிஞ்சு இன்ஜின் முக்கும். பின்னாடி வந்தவங்க அதுக்காகவே ஆக்ஸிலரேட்டர் பம்ப்னு ஒண்ணு சேர்த்தாங்க. மிதிக்கும்போது கூட ஒரு சொட்டு பீச்சி அடிக்கும். ஆனா ஜெட், மிதவை, தொட்டி என்கிற அடிப்படை நூறு வருஷத்துக்கு மேல நின்னுச்சு. 2020ல் பிஎஸ் 6 விதி வர்ற வரைக்கும் உங்க அப்பாவோட பைக்ல இருந்தது அதோட வாரிசுதான். காலையில சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணினது ஞாபகம் இருக்கா?

பிரிந்தவர் சேர்ந்தார்

மைபாக் வெளியே ஃபீனிக்ஸ்னு பேர் வச்ச புது இன்ஜினோட முன்னேறிக்கிட்டு இருந்தார். உள்ளே கம்பெனி தடுமாறியது. டைம்லரும் பங்குதாரர்களோட மோதி வெளியேற வேண்டி வந்தது. அப்போ இங்கிலாந்துல இருந்து ஃபிரடெரிக் சிம்ஸ்னு ஒரு தொழிலதிபர் வந்தார். ஃபீனிக்ஸ் இன்ஜின் உரிமத்துக்கு 3,50,000 மார்க் தரத் தயார், ஆனா டைம்லர் திரும்ப வரணும்னு நிபந்தனை போட்டார். 1895ல் டைம்லர் வந்தார். மைபாக் தொழில்நுட்ப இயக்குநரா வந்தார். தூக்கி எறிஞ்ச இடமே நாற்காலி போட்டுக் கூப்பிட்டது.

அஞ்சு வருஷம்தான். 1900 மார்ச் 6ஆம் தேதி டைம்லர் இறந்தார். முப்பத்தஞ்சு வருஷம் கூடவே இருந்த மனுஷன். கம்பெனிக்குள்ள மைபாக்குக்குத் துணையா இருந்தவரும் அவர்தான்.

அதே மாதம் இன்னொரு சாவு. பிரான்ஸ்ல நீஸ் பக்கத்துல லா டர்பி மலையேற்றப் பந்தயத்துல டைம்லர் கம்பெனி ஓட்டுநர் வில்ஹெல்ம் பாவர் ஃபீனிக்ஸ் காரோட விபத்தாகி உயிரை விட்டார். வண்டி உயரமா, குட்டையா இருந்தது, முன்பக்கம் கனம். வளைவுல நிக்கல.

நீஸ்ல எமில் யெல்லினெக்னு ஒரு வியாபாரி இருந்தார். டைம்லர் கார்களை வாங்கிப் பணக்காரங்களுக்கு விக்கிறவர். இன்னும் வேகமா போற, ஆனா கவிழாத வண்டி வேணும்னு அவர் நச்சரித்தார். நீளமா, அகலமா, தாழ்வா இருக்கணும். மொத்தமா 36 கார், 5,50,000 மார்க்னு ஆர்டர் வைத்தார். ஒரு நிபந்தனை. காருக்குத் தன் மகள் பேரை வைக்கணும். அந்தப் பொண்ணு பேர் மெர்சிடிஸ்.

மைபாக் உக்காந்து வரைந்தார். சில மாசத்துல வண்டி தயார். 1900 டிசம்பர்ல முதல் கார் கைமாறியது. அதோட பேர் மெர்சிடிஸ் 35 பிஎஸ். உள்ளே என்ன இருந்ததுன்னு பாருங்க. 5.9 லிட்டர், நாலு சிலிண்டர், 35 குதிரை சக்தி. ரெண்டு ரெண்டு சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர். அதுவரைக்கும் இன்ஜின் இழுக்கிற இழுப்புலதான் இன்லெட் வால்வு திறக்கும். இதுல கேம்ஷாஃப்ட் திறந்துவிட்டது. செந்தணல் குழாய் போய் மேக்னெட்டோ வந்தது. ஸ்டீயரிங் பக்கத்துல இருந்த ஒரு நெம்புகோலை நகர்த்தி, ஓட்டறவர் இன்ஜினை 300 சுத்துல இருந்து 1,000 சுத்து வரைக்கும் தன் இஷ்டத்துக்கு ஏத்தி இறக்கலாம்.

இந்தக் கடைசி வரியைத் திரும்பப் படிங்க. அதுவரைக்கும் பல இன்ஜின்கள் ஏறக்குறைய ஒரே வேகத்துல ஓடும். வண்டியோட வேகத்தை மாத்தணும்னா கியரை மாத்தணும். இன்ஜினே ஓட்டறவர் சொல்றதைக் கேட்கிறதுன்னு ஒரு பழக்கம் இங்கேதான் வேர் பிடிச்சது. ஒரு கோடி ரூபாய் எஸ்யூவிக்காரர் ரெண்டு நொடி தாமதத்துக்குக் கோபப்படறார்னா, அந்த எதிர்பார்ப்பை உருவாக்கினதே மைபாக்தான்.

அந்தக் காரோட ரேடியேட்டரும் அவர் யோசனைதான். 6 மில்லிமீட்டர் அளவுள்ள சின்னச் சின்னச் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. தேன்கூடு மாதிரி அடுக்கி, காத்து குழாய் வழியா போகும், தண்ணி இடுக்குல ஓடும். முன்னாடி ஒரு காரோட முகம்னு நாம எதைச் சொல்றோமோ அது அங்கிருந்து வந்தது.

1901 மார்ச்ல நீஸ் பந்தய வாரத்துல இந்தக் கார் மத்த எல்லாரையும் பின்னாடி தள்ளியது. வடிவமைப்பாளர்களின் அரசன்னு பிரெஞ்சுக்காரங்க மைபாக்குக்குப் பட்டம் கொடுத்தாங்க. கம்பெனியில டைம்லர் பேர். காருல வியாபாரியோட மகள் பேர். யெல்லினெக் ஒரு படி மேலே போய், 1903ல் தன் பேரையே யெல்லினெக் மெர்சிடிஸ்னு மாத்திக்கிட்டார். மைபாக் பேர் டிராயிங் ஷீட் மூலையில இருந்திருக்கும்.

இரண்டாவது முறை வெளியே

டைம்லர் போன பிறகு கம்பெனிக்குள்ள காத்து மாறியது. மைபாக்கை மெல்ல ஓரம் கட்டினாங்க. பொறுப்புகள் குறைந்தன. 1906ல் ஆறு சிலிண்டர், தலைக்கு மேல வால்வு, ரெட்டை இக்னிஷன்னு 120 குதிரை சக்தியில ஒரு பந்தய இன்ஜினை வரைந்து கொடுத்தார். அதுவும் அவர் நிலைமையை மாத்தல. 1907ல் அறுபத்தோரு வயசுல கம்பெனியை விட்டு வெளியேறினார். அந்த இடத்துக்கு டைம்லரோட மகன் பால் வந்தார்.

ரிட்டயர் ஆகவேண்டிய வயசு. ஆனா 1908 ஆகஸ்ட் 5ஆம் தேதி எக்டர்டிங்கன் என்ற இடத்துல கவுன்ட் செப்பலினோட எல்இசட் 4 ஆகாயக் கப்பல் தீப்பிடிச்சு சாம்பலானது. ஜனங்க அழுதாங்க, அப்புறம் வசூல் பண்ணி 60 லட்சம் மார்க்குக்கு மேல செப்பலினுக்கு அனுப்பினாங்க. மைபாக் தன் பங்குக்கு அனுப்பினது ஒரு யோசனை. ஆகாயக் கப்பலுக்குன்னே நம்பகமான இன்ஜின் செய்யலாம்னு எழுதினார். 1909ல் கம்பெனி பிறந்தது. தொழில்நுட்பத் தலைமை மகன் கார்ல், ஆலோசனை அப்பா. பின்னாடி அது ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனுக்கு மாறியது. 1918ல் கம்பெனிக்கு மைபாக் மோட்டோரன்பாவ்னு பேர் வந்தது. அவருக்கு அப்போ வயசு எழுபத்திரண்டு.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1916ல், ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. விடுதியில வளர்ந்து பட்டறையில படிச்ச பையனுக்கு.

முதல் உலகப்போருக்கு அப்புறம் வெர்சாய் ஒப்பந்தத்தால ஜெர்மனியில விமான இன்ஜின் செய்ய முடியாத நிலை. மகன் கார் பக்கம் திரும்பினார். 1921ல் பெர்லின் கண்காட்சியில மைபாக் டபிள்யூ 3 வந்தது. அப்பா பேர்ல முதல் கார். அறுபது வயசு வரைக்கும் அடுத்தவங்க பேருக்குக் கார் வரைந்தவர், எழுபத்தஞ்சு வயசுல தன் பேர் போட்ட காரைப் பார்த்தார்.

1929 ஆகஸ்ட்ல கிராஃப் செப்பலின் ஆகாயக் கப்பல் உலகத்தைச் சுத்தி வந்தது. அதைத் தள்ளினது அஞ்சு மைபாக் இன்ஜின். அதே வருஷம் டிசம்பர் 29ஆம் தேதி வில்ஹெல்ம் மைபாக் இறந்தார். கான்ஸ்டாட்ல டைம்லர் புதைக்கப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்துல அவரையும் புதைத்தார்கள். பத்தொன்பது வயசுல பின்னாடி நடக்க ஆரம்பிச்சவர், கடைசியிலும் அவர் பக்கத்துலதான்.

இன்னைக்கு மைபாக்ங்கிற பேர் மெர்சிடிஸோட ரொம்ப விலை உயர்ந்த கார்கள்ல ஒட்டியிருக்கு. எஸ்யூவிலகூட இருக்கு. அவரை ஓரம் கட்டின கம்பெனியோட வாரிசு அவர் பேரைத்தான் மேல வச்சிருக்கு.

என் ரிப்போர்ட்

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்போ ராத்திரி ரெண்டு மணி. லேப்டாப்ல ரிப்போர்ட் திறந்தே இருந்தது. கோளாறை நான் கண்டுபிடிச்சேன்னு அதுல இருந்த வரியைப் பார்த்தேன்.

நான் ஒரு ஹோஸையும் கண்டுபிடிக்கல. லைவ் டேட்டாவுல எதைப் பார்க்கணும்னே எனக்குத் தெரியாது. பத்தாவதோட நிறுத்திட்டு, இருபது வருஷமா வண்டிக்கு அடியில படுத்து வேலை செஞ்ச ஒருத்தர் கண்டுபிடிச்சார். நான் ஸ்கேனரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ்வளவுதான். நிறைய இன்-பிளான்ட் ரிப்போர்ட்ல இதுதான் நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல நாலு பேர் பேர் இருக்கும், வேலை செஞ்சது யாருன்னு லேபுக்கு மட்டும் தெரியும். அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தனா இருந்திருக்கேன், ரெண்டு பக்கமும்.

மைபாக்குக்கு டைம்லர் இருந்தார். கம்பெனி தூக்கி எறிஞ்சப்போ கைக்காசைக் கொடுத்தார். அப்படியும் சொந்தப் பேரைப் பார்க்க எழுபது வயசைத் தாண்ட வேண்டியிருந்தது. அண்ணனுக்கு நான்தான் இருக்கேன். எனக்கு அதுல ஒரு செலவும் இல்ல, ஒரு வரி மாத்தணும், அவ்வளவுதான். அதுக்கே மூணு நாள் யோசிச்சேன். வைவாவுல அப்போ நீ என்னதான் செஞ்சேன்னு கேப்பாங்களேன்னு பயம்.

மாத்திட்டேன். ரிப்போர்ட்ல அவர் பேர் இருக்கு, என்ன செய்தார்னும் வரிசையா இருக்கு. வைவாவுல எதிர்பார்த்த கேள்வி வந்தது. பக்கத்துல உக்காந்து பார்த்தேன், ஏன்னு கேட்டேன், இப்போ எனக்குத் தெரியும்னு சொன்னேன். சார் அடுத்ததா, ஐடிலிங்ல ஏன் கோளாறு தெரியலைன்னு கேட்டார். அதுக்குப் பதில் தெரிஞ்சது.

போன வாரம் ரிப்போர்ட்டோட ஒரு காப்பியை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனேன். ஆங்கிலத்துல இருந்ததால அண்ணனால முழுசா படிக்க முடியல. தன் பேர் இருந்த பக்கத்தை மட்டும் எண்ணெய்க் கை படாம ஓரத்தைப் பிடிச்சுப் பார்த்தார். அதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லச் சொன்னார். சொன்னேன். ஹோஸ் அளவைத் தப்பா போட்டிருக்கேன்னு திருத்தினார்.

இந்தக் கட்டுரையில பேர் வேண்டாம்னு அவரே சொல்லிட்டார், ஓனர் பார்ப்பாராம். அதனால இங்கே போடல. உங்க ரிப்போர்ட்டை சப்மிட் பண்றதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை திறந்து பாருங்க.